சாட்சி சொன்ன சட்டை

"…தூக்கில போடவும் வேண்டாம், நாட்டை விட்டுத் துரத்தவும் வேண்டாம். கிழிஞ்ச சட்டையை ஐயா தன்ர கையால தைச்சுத் தரட்டும், அது காணும் எண்டுதான் அவள் கேட்டவள். கதையின்ர முடிவு அதுதான், தம்பி. மிச்சமெல்லாம் நீர் போட்டது," என்றார் அக்கா.

சொன்னது இந்தத் தமிழில் இல்லை. அக்கா சீனப் பெண். அவருடைய ஆங்கிலத்திலும் என்னுடைய ஆங்கிலத்திலும் எலும்பு மட்டும்தான் இருந்தது, சதை இல்லை. இரண்டு எலும்புக்கூடுகளும் எப்படியோ பேசிக்கொண்டன. ஆனால் இத்தனை வருடம் கழித்து நினைக்கும்போது அவர் என் காதில் யாழ்ப்பாணத் தமிழில்தான் பேசுகிறார். ஆட்கள் சொன்னதைக் காதில் போட்டு வைத்துக்கொள்வது என் பழக்கம். உள்ளே போனதெல்லாம் எங்கள் பேச்சாக மாறிவிடுகிறது. அப்படியே எழுதிவிடுகிறேன்.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. ரொறன்ரோவின் ஸ்பாடைனா வீதியில் ஒரு பழைய செங்கல் கட்டடம். அதன் நாலாம் மாடியில் பெண்களுக்கான குளிர்கோட்டுகள் தைத்தார்கள். நான்கு வரிசை தையல் இயந்திரங்கள். பெரும்பாலும் சீனப் பெண்கள், கொஞ்சம் போர்த்துக்கேயப் பெண்கள். மூலையில் நீராவி அயன்பெட்டியோடு நான். எனக்கு மிக அருகில் இருந்தது அக்காவின் இயந்திரம். கோட்டின் கையைத் தோளோடு பொருத்துவது அவருடைய வேலை. தையலில் அதுதான் கடினமான இடம் என்பார்கள். கையின் வாய் பெரிது, தோளின் வளையம் சிறிது. பெரியதைச் சிறியதற்குள் சுருக்கம் தெரியாமல் நுழைக்கவேண்டும். அப்படியும் ஒன்றிரண்டு சுருக்கம் விழும். அதை நான் ஆவி அடித்து அமுக்கிவிடுவேன். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது.

"தைக்கிறவளின்ர பாவத்தை உம்மட ஆவிதான் கழுவுது," என்பார் அக்கா.

அவர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நான் முதல் நாளே 'அக்கா' என்று கூப்பிட்டுவிட்டேன். அது என்ன சொல் என்று கேட்டார். சொன்னேன். மறுநாள் அவர் தன் மொழியில் தம்பிக்கு உரிய சொல்லால் என்னைக் கூப்பிட்டார். ஒரு மாதத்தில் அந்த வரிசை முழுவதும் அவரை "அக்கா, அக்கா" என்று கேலி செய்யத் தொடங்கியது. மேற்பார்வைக்காரர் அதுதான் அவருடைய பெயர் என்று நினைத்து ஒருநாள் பதிவேட்டிலும் எழுதிவிட்டார்.

அந்த மாடியில் ஒரு வழக்கம் இருந்தது. தைத்து முடிந்த கோட்டைச் சோதிப்பவர் முதலில் உள்பக்கத்தைப் புரட்டிப் பார்ப்பார். பிழை கண்டால் பொத்தான் துளையில் ஒரு சிவப்பு நூல் கட்டிவிடுவார். ஏசுவதில்லை, பெயர் சொல்வதில்லை. சிவப்பு நூல் கட்டிய கோட்டு யாருடைய மேசைக்கு வருகிறதோ அவர்தான் அதைப் பழுதாக்கியவர். அவரே தையலைப் பிரித்து அவரே திரும்பத் தைக்கவேண்டும். பக்கத்து ஆள் கைகொடுக்கக் கூடாது. எனக்கு ஒருநாளும் சிவப்பு நூல் வந்ததில்லை. அயன் போடுகிறவனுக்கு அது வராது. அந்தப் பெருமை எனக்குக் கொஞ்சம் இருந்தது.

பத்து மணித் தேநீர் இடைவேளையில் அக்கா கதை சொல்லுவார். இலையுதிர்காலத்தில் தொடங்கிய ஒரு கதை பனி விழுந்து நிலம் வெள்ளையான பிறகும் போய்க்கொண்டிருந்தது. பழங்காலச் சீனாவில், ஆற்றங்கரை நகரம் ஒன்றில் நடந்ததாம். ஒரு தையல்காரப் பெண்ணும் ஒரு படகுக்காரனும் விரும்பினார்கள். அவள் அவனுக்கு ஒரு சட்டை தைத்துக் கொடுத்தாள். அதைப் போட்ட முதல் நாளே, ஒரு வணிகரின் பட்டு மூட்டையைத் திருடினான் என்று அவனைப் பிடித்தார்கள். சேவகர்கள் இழுத்த இழுப்பில் சட்டையின் கை தோளோடு கிழிந்தது. நீதவான் ஒரே நாளில் விசாரித்து மரண தண்டனை கொடுத்துவிட்டார். சட்டை மட்டும் அவளிடம் திரும்பி வந்தது.

அவள் ஒவ்வொரு காலையும் அந்தச் சட்டையோடு நீதிமன்றத்துக்குப் போனாள். "இதை விசாரியுங்கோ" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நூறாம் நாள், இவளின் தொல்லையைத் தீர்த்துவிடலாம் என்று நினைத்து நீதவான் சட்டையைச் சாட்சிக் கூண்டில் ஏற்றச் சொன்னார். சட்டை எழுந்து நின்றது. உள்ளே ஆள் இல்லை. விளிம்பிலிருந்து ஆற்றுத் தண்ணீர் சொட்டியது. வலது கை மெல்ல உயர்ந்து வணிகரைக் காட்டியது. சபையே மூச்சுவிட்டது.

"பிறகு?" என்றேன்.

"பிறகு இடது கை எழும்பினது. கிழிஞ்ச கை. அது நீதவானைக் காட்டினது."

மணி அடித்துவிட்டது. "மிச்சம் பிறகு" என்று அக்கா இயந்திரத்துக்குத் திரும்பினார். எந்த இடத்தில் நிறுத்தவேண்டும் என்பதில் மணியும் அக்காவும் கூட்டாளிகள்.

அப்போது ரொறன்ரோவில் தமிழ்க் குடும்பங்கள் மிகக் கொஞ்சம். பார்க்டேலில் ஒரு தேவாலயத்தின் நிலக்கீழ் மண்டபத்தை எடுத்துப் பொங்கல் விழா வைப்பதென்று முடிவானது. நாடகம் ஒன்று வேண்டும் என்றார்கள். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவன் நான். ஆனால் வாய் இருந்தது. "என்னட்டை ஒரு கதை இருக்கு" என்று கையைத் தூக்கிவிட்டேன்.

அக்காவிடம் அனுமதி கேட்டேன். ஒருநாள் முழுக்க யோசித்தார். மறுநாள் தலையணை உறையில் சுற்றி ஒரு பொதி கொண்டுவந்தார். உள்ளே சிவப்புப் பட்டுச் சட்டை. முன்பக்கம் முழுக்கத் தங்க நூலில் பூக்கள்.

"இது என்ர கலியாணச் சட்டை. மனுசன் தைச்சது. அவர் தையல்காரர். கையைப் பாரும், மிசினில்லை, கைத்தையல்," என்று உள்பக்கத்தைப் புரட்டிக் காட்டினார். எறும்பு வரிசை மாதிரி தையல். கணவர் ஹொங்கொங்கில் இறந்துபோனார். கனடாவுக்கு வர அனுமதிக் கடிதம் அதற்குப் பிறகுதான் வந்தது. அக்கா தனியாக வந்தார். இவ்வளவும் எனக்கு அன்றே தெரியும். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

"கதையில வாற தையல்காரப் பெட்டை மட்டும்தான் இதைப் போடவேணும். அவளை வடிவாக் காட்டும்," என்றார்.

"ஓம் அக்கா."

"முடிவைத் திங்கக்கிழமை சொல்லுறன்."

திங்கட்கிழமை அவர் வரவில்லை. கடும் காய்ச்சல். அந்த வாரம் முழுக்க அவருடைய இயந்திரத்துக்கு உறை போட்டிருந்தது. சனிக்கிழமை விழா. அவருடைய வீடு எனக்குத் தெரியும். ஒரு பாத்திரம் சூப்போடு போய், முடிவு என்ன என்று கேட்டிருக்கலாம். போகவில்லை. காரணத்தை மறைக்காமல் சொல்கிறேன்: அதற்குள் நானே ஒரு முடிவு எழுதிவிட்டேன், அது எனக்குப் பிடித்தும் விட்டது.

நீதவான் வேடம் போட்டவர் மதுரைக்காரர். இங்கே பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். சட்டையின் இடது கை நீதவானைக் காட்டுகிற இடத்தைக் கேட்டதும் அவர் முகம் மாறியது.

"என்னங்க இது, நான் தப்பு பண்ணின ஜட்ஜா? எனக்குப் பொண்ணு பார்த்திருக்காங்க, பொண்ணோட அண்ணன் முன் வரிசையில உக்காரப் போறாரு. அவர் முன்னாடி ஒரு சட்டை என்னைக் குத்தம் சொல்றதா?"

எங்கள் அறையில் என்னோடு இருந்த அண்ணை கட்டிலில் படுத்தபடி சொன்னார்: "உவர் சொல்லுறதும் சரிதான். எங்கட சனத்துக்கு நீதவான் எண்டால் நீதவானா இருக்கவேணும். உந்த இடது கையை வெட்டிவிடு."

வெட்டிவிட்டேன். சட்டை வலது கையால் மட்டும் சாட்சி சொன்னது. வணிகருக்குத் தூக்கு. நீதவான் கண்ணை மூடிப் பிரார்த்திக்க, செத்த படகுக்காரன் உயிரோடு எழும்பி வருகிறான். மாலை மாற்றுகிறார்கள். கசெற்றில் நாதஸ்வரம். எழுதி முடித்தபோது எனக்கே கண்ணீர் வந்தது. பொய்யாக எழுதியதற்குத்தான் எனக்கு எப்போதும் கண்ணீர் வரும்.

விழா நாள். தையல்காரப் பெண்ணாக நடிக்க ஒப்புக்கொண்டிருந்த பெண்மணி நாடகத்துக்கு அரை மணி முன்னால் தொலைபேசியில் வந்தார். பிள்ளைக்குக் காய்ச்சல், வரமுடியாது. மேடைக்குப் பின்னால் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"நான் போடுறன் உந்தச் சட்டையை," என்றார் அண்ணை.

அண்ணைக்கு நாடகத்தில் நகைச்சுவைச் சேவகன் வேடம். உடம்பு இரண்டு ஆள் பருமன். கரிக்கட்டியால் கண்களை இழுத்துக் கீறி, கறுப்புக் கம்பளி நூலில் ஒரு சடையும் தொங்கவிட்டிருந்தார். அதையும் நான் தடுக்கவில்லை. சொல்லப்போனால் நூலை வாங்கிக் கொடுத்தவன் நான்.

"அண்ணை, உது உங்களுக்குக் கொள்ளாது. வேறை ஏதும் சீலையைச் சுத்துவம்."

"விசரா, சீலை கட்டின சீனத்தி எங்கை இருக்கிறாள்? மூச்சை இழுத்துப் பிடிச்சுக்கொண்டு போட்டிட்டு வாறன்."

நான் ஒரு சொல் சொல்லியிருக்கலாம். 'வாக்குக் கொடுத்திருக்கிறன்' என்ற அந்தச் சொல்லைத் தொண்டை வரைக்கும் கொண்டுவந்தேன். வெளியே சனம் கதிரைகளை இழுத்துப் போட்டுக் காத்திருந்தது. விழுங்கிவிட்டேன்.

அண்ணை சிவப்புச் சட்டையோடு மேடைக்கு வந்ததும் மண்டபம் இடிந்து விழுகிற மாதிரிச் சிரிப்பு. "நாதா!" என்று கையை விரித்து ஓடினார். மதுரைக்காரர் நீதவானின் கம்பீரத்தை விட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டார். நான் திரைக்கு இந்தப் பக்கம் நின்றேன். முதல் சிரிப்பில் எனக்குச் சட்டை நினைவுக்கு வந்தது. இரண்டாம் சிரிப்பில் அது மறந்துபோனது. மூன்றாம் சிரிப்பில், கேளுங்கள், நானே மறைவில் நின்று கத்தினேன்: "அண்ணை, இன்னொருக்கால்! கையைத் தூக்கி ஆடுங்கோ!"

அண்ணை கையைத் தூக்கினார். கிழிந்த சத்தம் எனக்குக் கேட்டது. சனத்துக்கும் கேட்டது. அதற்குத்தான் அன்று பெரிய கைதட்டல்.

அப்போதுதான் மூன்றாம் வரிசையில் அக்காவைக் கண்டேன். அழைத்தவன் நான்தான்; காய்ச்சலோடு வரமாட்டார் என்று நினைத்திருந்தேன். கழுத்தில் கம்பளிச் சால்வை, மடியில் சீன வெதுப்பகத்துக் கேக் பெட்டி. அந்தப் பெட்டியை இரண்டு கையாலும் பிடித்தபடி மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். 'அக்கா'வைத் தவிரத் தமிழில் ஒரு சொல்லும் அவருக்குத் தெரியாது. ஆனால் பக்கத்து ஆட்கள் எந்த இடத்தில் சிரிக்கிறார்கள் என்று தெரிய மொழி எதற்கு?

முடிந்ததும் எல்லோரையும் போல அவரும் கை தட்டினார். அதை என்னால் மறக்க முடியவில்லை. பொங்கலும் வடையும் வாங்கிச் சாப்பிட்டார். வடை உறைத்தது, கண்ணில் தண்ணீர் வந்தது, துடைத்துக்கொண்டார். உறைப்பினால்தான் என்று அன்று முழுக்க எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

"உங்கட ஆக்கள் நல்லாச் சிரிக்கினம், தம்பி," என்றார்.

"சட்டையைத் துப்புரவாக்கித் தாறன் அக்கா. அழுக்கும் வேர்வையுமாப் போச்சு," என்றேன்.

சரி என்று தலையாட்டிவிட்டு, சால்வையை இழுத்துச் சுற்றிக்கொண்டு படியேறிப் போனார். கேக் பெட்டியை என் கையில் தந்துவிட்டுத்தான் போனார்.

அடுத்த வாரம் ஒவ்வொரு நாளும் நான் ஒரு பொய் சொன்னேன். திங்கள்: "துப்புரவாக்கிற கடையில குடுத்திருக்கிறன்." செவ்வாய்: "இன்னும் முடியேல்லையாம்." புதன்: "கடைக்காரருக்குச் சுகமில்லை." சட்டை என் அறையில், கட்டிலுக்குக் கீழே, பலசரக்குப் பையில் கிடந்தது. இடது அக்குளில் தொடங்கிய கிழிசல் தோள் வரை ஓடியிருந்தது. எறும்பு வரிசையில் பாதி எறும்புகளைக் காணவில்லை. அந்த வாரம் அக்கா கதையின் முடிவைச் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. தேநீர் இடைவேளையில் நாங்கள் பனியைப் பற்றிப் பேசினோம்.

அண்ணைக்கு ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை. "ஊசி நூலால ரெண்டு இழுவை இழுத்துக் குடன். அவ என்ன, பூதக்கண்ணாடி வச்சே பாக்கப்போறா?"

இழுக்கத் தெரிந்தால் இழுத்திருப்பேன். தையல் தொழிற்சாலையில் ஒன்றரை வருடம் நின்றும் எனக்கு ஊசியில் நூல் கோக்கத் தெரியாது. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: ஆவி. கொலர் விறைப்பாக நிற்க உள்ளே ஒரு துணி வைப்பார்கள், சூடு பட்டால் பசை இளகி ஒட்டிக்கொள்ளும். அதில் நீளமாக ஒரு துண்டு வெட்டினேன். வியாழன் காலை எல்லோருக்கும் முன்னால் தொழிற்சாலைக்குப் போனேன். கிழிசலின் இரண்டு கரையையும் சேர்த்து வைத்து, உள்பக்கத்தில் அந்தத் துண்டை வைத்து அமுக்கினேன். வெளியே புரட்டிப் பார்த்தேன். கோடுகூடத் தெரியவில்லை. தங்க நூல் பூக்கள் நிமிர்ந்து நின்றன. என் வாழ்நாளில் நான் போட்ட மிகச் சிறந்த அயன் அதுதான். பிளாஸ்ரிக் உறை போட்டுக் கொழுவியில் மாட்டி, அக்காவின் இயந்திரத்துக்கு மேலே தொங்கவிட்டேன். எனக்கு மனசு இலேசாகக்கூட இருந்தது.

அக்கா வந்தார். கோட்டைக் கழற்றினார், சப்பாத்தை மாற்றினார். சட்டையைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"வடிவா வந்திருக்குத் தம்பி! நல்ல கடை."

"ஓம் அக்கா, நல்ல கடை."

உறையைக் கழற்றி, கையில் எடுத்த அடுத்த கணமே சட்டையை உள்பக்கமாகப் புரட்டினார்.

நான் இதை எதிர்பார்க்கவில்லை. நம்புங்கள், ஒன்றரை வருடம் அந்த மாடியில் அத்தனை பெண்களும் எந்த உடுப்பைத் தொட்டாலும் முதலில் உள்ளேதான் பார்ப்பதைக் கண்டிருக்கிறேன். கடையில் வாங்கினாலும் அப்படித்தான், பக்கத்து ஆளின் சட்டையைப் பாராட்டினாலும் அப்படித்தான். தைக்கிறவர்களுக்கு உடுப்பு என்றால் உள்பக்கம். அயன் போடுகிறவனுக்கு வெளிப்பக்கம். கண்ணால் கண்டும் என் புத்திக்கு அது ஏறவில்லை.

கணவரின் தையல் இருந்த இடத்தில் வெள்ளையாக ஒரு கொலர்த் துணி, பாம்பு மாதிரி ஒட்டிக் கிடந்தது. பசை பட்டில் ஊறி மஞ்சளாகக் கறை பிடித்திருந்தது. அக்கா விரலால் அதன் ஓரத்தைத் தடவினார். உரிக்கப் பார்த்தார். அதோடு இரண்டு பழைய தையலும் கழன்று வந்தன. நிறுத்திவிட்டார்.

"கடைக்காரர் செய்ததோ?" என்று கேட்டார்.

ஆம் என்று சொல்ல இடம் விட்டுத்தான் கேட்டார். அது எனக்கு விளங்கியது. அந்த ஒரே ஒரு இடத்தில் நான் சரியாக நடந்துகொண்டேன் என்று சொல்லலாம். வேறு வழி இல்லாமல்தான்.

"இல்லை அக்கா. நான். சேர்ச்சில ஆடேக்கை கிழிஞ்சது. நான்தான் ஆடச் சொன்னனான்."

முதல் மணி அடித்தது. பெண்கள் வந்து அமர்ந்து இயந்திரங்களின் உறைகளைக் கழற்றினார்கள். அக்கா அமரவில்லை. கோபமாகக் கத்துவார் என்று காத்திருந்தேன். கத்தியிருந்தால் இன்று இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

"கதையை முடிக்கேல்லை, என்ன?" என்றார். தேநீர் இடைவேளையில் பேசுகிற அதே குரல். "இடது கை நீதவானைக் காட்டினது வரைக்கும் சொன்னனான். நீதவான் ஆசனத்தை விட்டு இறங்கி வந்தார். பிழையான தீர்ப்புக் குடுத்தவனுக்கு என்ன தண்டனை, நீயே சொல்லு எண்டு அவளைக் கேட்டார். அவள் சொன்னாள், தூக்கில போடவும் வேண்டாம், நாட்டை விட்டுத் துரத்தவும் வேண்டாம். கிழிஞ்ச சட்டையை ஐயா தன்ர கையால தைச்சுத் தரட்டும், அது காணும் எண்டுதான் அவள் கேட்டவள். கதையின்ர முடிவு அதுதான், தம்பி. மிச்சமெல்லாம் நீர் போட்டது."

பிறகு சோதிப்பவரின் மேசைக்குப் போனார். அங்கே தொங்கிய நூல்கண்டிலிருந்து ஒரு முழம் சிவப்பு நூலைப் பல்லால் கடித்து அறுத்து, தன் கலியாணச் சட்டையின் முதல் பொத்தான் துளையில் கோத்து, இரண்டு முடிச்சுப் போட்டு, உள்பக்கம் வெளியே தெரியும்படியே மடித்து என் அயன் மேசையில் கொண்டுவந்து வைத்தார்.